வரியை எங்கே முடிப்பது? புதுக்கவிதை எழுதவும் சொல்லவும் தொடங்கும் பிள்ளைகளுக்கு

"சார், எதுகை மோனை ஒண்ணும் இல்லாம எழுதினா அது எப்படி சார் கவிதை?"

ஏழாம் வகுப்பில் புதுக்கவிதை என்று பேச்செடுத்ததும் முதலில் வரும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வியும்கூட. ஒன்றாம் வகுப்பிலிருந்து அவர்கள் கைதட்டிப் பாடியதெல்லாம் தாளத்தோடு வந்த பாட்டு. காலைப் பிரேயரில் சொல்லும் குறள் அளவு மாறாமல் வந்து நிற்கிறது. தேர்வில் 'அடிமாறாமல் எழுதுக' என்று கேட்கிறார்கள். இப்படி ஆறேழு வருடம் பழகிய பிள்ளையிடம் திடீரென்று "அளவெல்லாம் வேண்டாம், மனசில் பட்டதை எழுது" என்றால், எதைப் பிடித்துக்கொண்டு எழுதும்?

புதுக்கவிதைக்கும் பிடிமானம் உண்டு. வரி முடியும் இடத்தில் அது இருக்கிறது. அந்த இடம் எது என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். எழுதுவது தமிழ் வகுப்புக்கு, சொல்வது ஆண்டு விழாவுக்கு என்று நாம் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறோம். இரண்டுமே சரியாக வராமல் போவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். 6, 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களும், வீட்டில் உட்கார்த்திவைத்து உதவும் அம்மா அப்பாக்களும் இரண்டையும் சேர்த்தே தொடங்கலாம்.

முதலில் அடிப்படை. குறளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அடியில் 4 சீர், இரண்டாம் அடியில் 3 சீர். ஏழாவது சீர் வந்ததும் முடிந்தாக வேண்டும். எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்று ஆறு உறுப்புகள் சேர்ந்ததுதான் யாப்பு. முதல் எழுத்து ஒன்றிவரும் மோனையும் இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகையும் இதில் தொடைக்குள் அடங்கும். அடி எங்கே முடிய வேண்டும் என்பதை யாப்பு தீர்மானித்தால் அது மரபுக்கவிதை. எழுதுகிறவரே தீர்மானித்தால் அது புதுக்கவிதை. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இவ்வளவு விளக்கம் போதும்.

இப்படி எழுதலாம் என்ற துணிச்சல் தமிழுக்கு வந்து நூறு வருடம்தான் ஆகிறது. பாரதியார் காற்றையும் வெயிலையும் பற்றி யாப்பைக் கழற்றி வைத்துவிட்டு எழுதிப் பார்த்தார். 1930களில் மணிக்கொடி இதழில் ந. பிச்சமூர்த்தி எழுதத் தொடங்கினார். 1959இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழில் அது நன்றாக வேர்பிடித்தது. நம் கன்னியாகுமரி மாவட்டத்து நாகர்கோவில்காரர் சுந்தர ராமசாமி, பசுவய்யா என்ற பெயரில் அந்த இதழில் கவிதை எழுதியவர்களில் ஒருவர். அதற்கு முந்தைய தலைமுறையில், 1876இல் தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை, சின்னப் பிள்ளைகள் வாயில் தானாக வந்து உட்காரும்படி சந்தத்தோடு எழுதினார். இரண்டுமே நம் மாவட்டத்துச் சொத்து. புதுக்கவிதை எழுதப்போகும் பிள்ளையிடம் "பழைய பாட்டை மறந்துவிடு" என்று சொல்ல வேண்டியதே இல்லை. கவிமணியின் பாட்டைச் சொல்லிச் சொல்லிக் காது பழகிய பிள்ளைதான், தான் எழுதிய வரியில் ஓசை எங்கே தட்டுகிறது என்று சீக்கிரம் கண்டுபிடிக்கிறது.

சரி, எழுதிப் பார்ப்போம்.

விளவங்கோடு, திருவட்டாறு, கல்குளம் பக்கம் ரப்பர் வெட்டப் போகும் வீடுகள் நிறைய. விடியும் முன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கத்தியோடு மரம் மரமாகப் போய், பட்டையை மெல்லிசாகச் சீவி, பால் வடிகிற இடத்தில் சிரட்டையைச் சரியாக வைத்துவிட்டு அடுத்த மரத்துக்கு நகர வேண்டும். அப்படி ஒரு வீட்டுப் பிள்ளையை எழுதச் சொன்னால் முதல் வாக்கியம் பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

என் அப்பா அதிகாலையில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டப் போகிறார்.

குறை சொல்ல ஒன்றும் இல்லை, நல்ல வாக்கியம். 'புதுக்கவிதை' என்று கேட்டதால் பிள்ளை அதை மூன்றாக மடக்கிக் கொண்டுவரும்:

என் அப்பா அதிகாலையில்
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
ரப்பர் வெட்டப் போகிறார்

பார்த்தால் கவிதை மாதிரி இருக்கிறது. வாய்விட்டுப் படியுங்கள். 'அதிகாலையில்' என்று நிறுத்துவதால் என்ன கிடைத்தது? ஒன்றும் இல்லை. மூன்று வரியையும் திரும்ப ஒரே வரியாக்கினால் ஏதாவது குறைந்ததா? அதுவும் இல்லை. அப்படியானால் அது இன்னும் உரைநடைதான். "மடக்கி மடக்கி எழுதினால் கவிதையாகிவிடுமா?" என்று பெரியவர்கள் கோபப்படுவது இதைப் பார்த்துத்தான். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வரிகளைச் சேர்த்து எழுதிப் படிக்கும் இந்தச் சோதனையைப் பிள்ளைகளுக்கே கற்றுக்கொடுத்துவிடுங்கள். யாரும் திருத்தாமலே அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

இதற்கு அடுத்து பிள்ளையிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான். "நீ அப்பாகூடப் போயிருக்கியா? அங்க என்ன தெரிஞ்சுது?"

"ஒரே இருட்டு சார். அப்பா போற மரம் மட்டும் தெரியும். அப்புறம் அடுத்த மரம் தெரியும்."

இந்தப் பதிலில் கவிதை வந்துவிட்டது. 'பால் வெட்டு' என்று தலைப்புப் போட்டுவிட்டு எழுதலாம்:

நெற்றியில் விளக்கு.
அப்பா நடக்க நடக்க
ஒவ்வொரு மரமாக
விடிகிறது.

மூன்றாவது வரியில் கொஞ்சம் நில்லுங்கள். 'ஒவ்வொரு மரமாக' என்று படித்து நிறுத்தும்போது, கேட்கிறவர் 'வெட்டுகிறார்' என்று வரும் என்று நினைத்திருப்பார். அரை நொடி கழித்து 'விடிகிறது' என்று வருகிறது. விளக்கு வெளிச்சம் மரத்தின் மேல் விழுவதை அவரும் அந்த அரை நொடியில் பார்க்கிறார். இப்போது கடைசி இரண்டு வரியையும் சேர்த்து 'ஒவ்வொரு மரமாக விடிகிறது' என்று ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். பொருள் மாறவில்லை, ஆனால் காத்திருப்பு போய்விட்டது. சேர்த்தால் எதையோ இழக்கிறோம் என்பதால் இந்த வரிமுடிவு சரியான வரிமுடிவு.

வேறு மாதிரியும் முடிக்கலாம். 'அப்பா' என்ற சொல்லை மட்டும் தனி வரியாக்கி, 'நடக்க நடக்க' என்பதை அடுத்த வரிக்குத் தள்ளினால் கனம் அப்பா மேல் ஏறும். மரங்கள் பின்னுக்குப் போகும். இரண்டில் எது சரி என்று ஆசிரியர் சொல்லக்கூடாது. இரண்டையும் பிள்ளை சத்தமாகப் படித்துவிட்டு, எது வேண்டும், ஏன் என்று அதன் வாயால் சொல்ல வேண்டும். 'இதுதான் சார் நல்லாயிருக்கு' என்பதோடு நின்றால், இன்னொரு தடவை படிக்கச் சொல்லுங்கள். காரணம் கட்டாயம் வரும். இந்த ருசி கண்டதும் சிலர் ஒவ்வொரு சொல்லையும் ஒவ்வொரு வரியாக்கிவிடுவார்கள். எல்லா இடத்திலும் நின்றால் எந்த இடத்திலும் நின்றதாகக் கணக்கில்லை என்பதை அதையும் படிக்கவைத்தே புரியவைக்கலாம்.

வேண்டாத கடைசி இரண்டு வரி

மேலே சொன்ன நான்கு வரியை எழுதிய பிள்ளை அங்கே நிறுத்தாது. கீழே 'உழைப்பே என்றும் உயர்வு தரும் / அப்பாவின் பெருமை போற்றிடுவோம்' என்று சேர்த்துவிடும். கட்டுரைக்கு முன்னுரை, முடிவுரை எழுதிப் பழகிய கை அது, குற்றம் பிள்ளையுடையது இல்லை. ஆனால் அந்த இரண்டு வரி வந்ததும் இருட்டு, விளக்கு, மரம் எல்லாம் அழிந்து, எந்த அப்பாவுக்கும் பொருந்துகிற வாழ்த்து மட்டும் மிஞ்சுகிறது.

அழித்துவிடு என்று சொன்னால் பிள்ளை தயங்கும். அப்பாவைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் விட்டோமோ என்று தோன்றும். அந்தத் தயக்கத்தை மதிக்க வேண்டும். கடைசி இரண்டு வரியைக் கையால் மறைத்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு மேல் நான்கு வரியைப் படிக்கச் சொல்லுங்கள். "இதை எழுதினவனுக்கு அவன் அப்பாவைப் பிடிக்குமா?" என்று கேட்கிறவனிடம் கேளுங்கள். 'பிடிக்கும்' என்றுதான் பதில் வரும். அப்பா நடந்தால் மரம் விடிகிறது என்று எழுதுகிற பிள்ளை அதற்குமேல் என்ன போற்ற வேண்டும்? இதைப் பிள்ளை தானே கண்டுபிடித்து அழித்தால் அடுத்த கவிதையில் அந்த வரிகள் வரவே வராது.

எதை எழுதச் சொல்வது

நிலா, அன்னை, தென்றல், இயற்கை என்று தலைப்புக் கொடுத்தால் ஏற்கனவே கேட்ட வரிகளே திரும்பி வரும். 'கடல்' என்று கொடுத்தாலும் அப்படித்தான். கடலோரத்துப் பிள்ளைகூட 'கடலன்னையே' என்றுதான் தொடங்கும். அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலில் கடல் என்னவாக இருக்கிறது என்று கேட்க வேண்டும். காய்கிற வலை, உப்பில் விறைத்துப்போன சட்டை, சாளை வாடை, கரையில் ஏற்றி வைத்த வள்ளத்தின் நிழலில் விளையாட்டு. முட்டத்திலோ குளச்சலிலோ இருக்கும் பிள்ளைக்கு இதெல்லாம் தினமும் பார்க்கிற பொருள்கள், அதனாலேயே கவிதைக்குள் வரும் என்று தோன்றியிருக்காது.

தோவாளைப் பக்கம் பூக்கட்டும் வீடுகளில் பிள்ளைகளும் கூட உட்கார்ந்து கட்டுவார்கள். அதைப் பற்றி எழுதச் சொல்லி 'மணம்' என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொன்னால் இப்படி ஒன்று எழுதலாம்:

கணக்கு நோட்டில்
பிச்சிப்பூ மணம்.
திருத்தும்போது டீச்சர்
கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தார்.

டீச்சர் எதற்கு நிமிர்ந்து பார்த்தார் என்று இதில் சொல்லவில்லை. பாடப்புத்தகத்தில் ஒவ்வொரு செய்யுளுக்குக் கீழும் 'பாடலின் பொருள்' இருக்கும். அதைப் பார்த்துப் பழகியதால் தாங்கள் எழுதும்போதும் பொருளைக் கூடவே எழுதிவிட வேண்டும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். கொஞ்சத்தைக் கேட்கிறவருக்கு விட்டுவைக்கலாம் என்று தெரிந்ததும் அவர்களுக்கு வருகிற சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். விடுகதை போட்டு வளர்ந்த பிள்ளைகள்தானே.

வீட்டுப் பேச்சில் வரும் சொல் கவிதையிலும் வரட்டும். பாட்டா பனையேறி அக்கானி இறக்கினார் என்றால் அதைப் 'பதநீர்' என்று சிவப்பு மையில் திருத்தாதீர்கள். ஒற்றுப்பிழை, எழுத்துப்பிழை திருத்த வேண்டியதுதான், ஆனால் முதல் படியிலேயே வேண்டாம். வரிகள் எங்கே முடிய வேண்டும் என்று தீர்ந்த பிறகு, நல்ல தாளில் எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம்.

எதுகையும் அசையும் கைவிட்டுப் போனபின் ஓசைக்கு என்ன செய்வது என்று கேட்டால், ஒரே சொல்லைத் திரும்பச் சொல்வது எல்லாவற்றிலும் எளிய வழி. ஒரு கடற்கரைப் பிள்ளை எழுதுவதாக வைத்துக்கொள்வோம்:

காற்றடித்தால் வலை காயும்.
காற்றடித்தால் துணி காயும்.
காற்றடித்தால்
அப்பா கடலுக்குப் போகமாட்டார்.

முதல் இரண்டு வரியும் ஒரே நடையில் போகின்றன. மூன்றாவது வரியும் அப்படியே போகும் என்று காது நம்பும்போது 'காற்றடித்தால்' என்பதோடு வரி நின்றுவிடுகிறது. வலை காய்வதும் துணி காய்வதும் நல்ல விஷயங்கள். மூன்றாவதாக வருவது அப்படி இல்லை என்பது சொல்லாமலே விளங்குகிறது. அன்றைக்கு வீட்டில் வருமானம் இல்லை என்பதும், அப்பா பத்திரமாக வீட்டில் இருக்கிறார் என்பதும் ஒன்றாகவே அந்த வரிக்குள் இருக்கின்றன. எட்டாம் வகுப்புப் பிள்ளையால் இரண்டையும் உணர முடியும். அந்த வயதுக்கு இது எட்டாது என்று நாம் நினைக்க வேண்டியதில்லை.

மேடையில் சொல்லும்போது

இங்கேதான் நாம் அதிகம் கவனிக்க வேண்டியிருக்கிறது. எழுத்தில் இவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடித்த வரிமுடிவுகளை மேடையில் ஒரு நிமிடத்தில் கெடுத்துவிட முடியும்.

மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பதற்கென்று வகுப்பில் ஒரு ராகம் இருக்கிறது. ஒவ்வொரு அடியும் ஒரே மாதிரி ஏறி ஒரே மாதிரி இறங்கும். யாப்புக்கு அது ஓரளவு ஒத்துப்போகும், ஏனென்றால் அடிகள் ஒரே அளவு. புதுக்கவிதையில் ஒரு வரியில் ஐந்து சொல் இருக்கும், அடுத்ததில் ஒன்றுதான் இருக்கும். அந்த ராகத்தைப் போட்டால் 'விடிகிறது' என்ற ஒற்றைச் சொல் அதில் காணாமல் போய்விடும்.

இன்னொரு பழக்கம் கவியரங்கத்திலிருந்து வந்தது. ஒரு வரியைச் சொல்லிவிட்டு, கூட்டத்தைப் பார்த்து அதையே இன்னொரு தடவை சொல்வது. பெரிய கூட்டம், கைதட்டல், நீண்ட கவிதை எல்லாம் இருக்கும் இடத்தில் அதற்கு வேலை இருக்கிறது. நான்கு வரிக் கவிதையில் 'ஒவ்வொரு மரமாக, ஒவ்வொரு மரமாக' என்று சொன்னால் அந்த அரை நொடிக் காத்திருப்பு அங்கேயே உடைந்துவிடும். பட்டிமன்றக் குரலும், விரலை உயர்த்துவதும், நெஞ்சில் கை வைப்பதும்கூட இந்தக் கவிதைகளுக்கு வேண்டாம். அந்தக் கையை என்ன செய்வது என்று பிள்ளை கேட்டால், கவிதை எழுதிய தாளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அப்புறம் எப்படித்தான் சொல்வது? நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைக் காட்ட நல்ல வழி ஒன்று இருக்கிறது, வில்லுப்பாட்டு. கோயில் கொடை விழாவில் எல்லாரும் கேட்டிருப்பார்கள். வில்லும் உடுக்கையும் குடமும் சேர்ந்து பாட்டாகப் போய்க்கொண்டிருக்கும்போது, நடுவில் பாட்டு நின்று வெறும் பேச்சாகக் கதை நகரும் இடங்கள் வரும். அந்த இடத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். வில்லிசைப் புலவர் எதிரே இருப்பவரிடம் சொல்வதுபோலச் சொல்வார். முக்கியமான சொல்லுக்கு முன்னால் நிறுத்துவார், ஆனால் குரலை இறக்கமாட்டார். கூட இருப்பவர் 'ஆமா' போட்டதும் மேலே போவார். கூட்டம் அந்த நிறுத்தத்தில்தான் அவரோடு இருக்கிறது.

குரலை இறக்காமல் நிறுத்துவது என்பதைத் தனியாகப் பழக்க வேண்டும். புதுக்கவிதை சொல்வதில் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய நுட்பம் ஒன்றே ஒன்று என்றால், நான் இதைத்தான் சொல்வேன். 'நெற்றியில் விளக்கு' என்பதற்குப் பிறகு முற்றுப்புள்ளி இருக்கிறது, அங்கே குரல் இறங்கி நிற்கலாம். 'ஒவ்வொரு மரமாக' என்ற இடத்தில் வரி முடிகிறது, பேச்சு முடியவில்லை. அங்கே இறங்கினால் கேட்பவர் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுவார். குரல் அந்தரத்தில் நிற்க வேண்டும். பென்சிலால் தாளில் குறித்துக்கொள்ளலாம். குரல் இறங்கி நிற்கும் இடத்துக்கு இரண்டு கோடு, இறங்காமல் நிற்கும் இடத்துக்கு ஒரு கோடு. குறித்துவிட்டுப் பார்த்தால் சில வரிகளின் முடிவில் எந்தக் கோடும் போட முடியாமல் இருக்கும். அந்த வரியை அங்கே முடித்தது தவறு என்று அப்போது தெரியும், திரும்பவும் எழுத உட்கார வேண்டும். மேடைக்குப் பழகப்போய் எழுத்து திருந்துவது இப்படித்தான்.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு பயிற்சி. ஒரு பிள்ளை முன்னால் நின்று கவிதையைச் சொல்ல, மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்கட்டும். மனதில் ஏதாவது படமாகத் தெரிந்ததும் கையைத் தூக்க வேண்டும். எந்த வரியில் கைகள் எழும்புகின்றன என்று சொல்கிற பிள்ளையே பார்க்கும். 'அதிகாலையில்' என்ற இடத்தில் ஒரு கையும் எழும்பாது. 'நெற்றியில் விளக்கு' என்றதும் எழும்பும். ஆசிரியர் பத்து நிமிடம் விளக்குவதை இது ஒரே தடவையில் காட்டிவிடும்.

காற்றடிக்கும் கவிதையைப் பலர் சேர்ந்தும் சொல்லலாம். முதல் இரண்டு 'காற்றடித்தால்' வகுப்பு முழுக்கச் சேர்ந்து, மீதியை ஒரு பிள்ளை. மூன்றாவது 'காற்றடித்தால்' வரும்போது வகுப்பு பேசாமல் இருந்துவிட, அந்த ஒரு பிள்ளை மட்டும் சொல்லும். தனியாக மைக் முன்னால் நிற்கப் பயப்படும் பிள்ளைகளுக்கும் இதில் இடம் கிடைக்கிறது.

மனப்பாடம் பற்றி ஒரு வார்த்தை. யாப்புள்ள பாட்டில் எதுகையே அடுத்த அடியை எடுத்துக் கொடுக்கும். புதுக்கவிதையில் அந்த உதவி இல்லை, அதனால் எட்டே வரியானாலும் நடுவில் மறக்கும். சொல்லைப் பிடிக்காமல் காட்சியை வரிசையாகப் பிடித்தால் மறக்காது. விளக்கு, நடை, மரம், வெளிச்சம். தாளைப் பார்த்துப் படிப்பதும் குறைவு ஒன்றும் இல்லை. போட்டியில் பார்க்காமல் சொல்ல வேண்டும் என்று விதி இருந்தால் மட்டும் மனப்பாடம் செய்யட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றில் திறந்தவெளிப் பிரேயரில் தாள் பறந்துவிடும், அட்டையில் ஒட்டிக் கொடுங்கள். அந்த மாதங்களில் மைக்கில் காற்றும் சேர்ந்து இரையும். மைக்கை வாய்க்குக் கொஞ்சம் பக்கவாட்டில் பிடித்தால் சொல் தெளிவாகக் கேட்கும். 'விடிகிறது' என்று சொல்லி முடித்ததும் அப்படியே ஓடி இறங்காமல், இரண்டு நொடி நின்று, அப்புறம் 'நன்றி' சொல்லட்டும்.

எல்லாக் கவிதையும் மேடைக்கு வர வேண்டியதில்லை

2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கிப் புயலில் நம் கடலோர ஊர்களில் எத்தனையோ வீடுகள் ஆளை இழந்தன. அந்த வீடுகளின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். எழுதச் சொன்னால் சில பிள்ளைகள் அதை எழுதும். வேறு வீடுகளில் வேறு துயரம். உண்மையாக எழுதியிருப்பதால் அவை பெரும்பாலும் வகுப்பிலேயே நல்ல கவிதைகளாக இருக்கும். ஆசிரியருக்கு உடனே ஆண்டு விழாவில் சொல்லவைக்கத் தோன்றும். தயவுசெய்து முதலில் பிள்ளையிடம் தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், காரணம்கூடக் கேட்க வேண்டாம். எழுதி, ஆசிரியர் ஒருவர் மட்டும் படித்து, நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தாலும் அந்தக் கவிதை வந்த வேலை முடிந்தது. சரி என்று சொன்னால், எந்த வரிவரைக்கும் சொல்வது, யார் சொல்வது என்பதையும் பிள்ளையே முடிவு செய்யட்டும். வேறொரு பிள்ளை படிக்க, எழுதிய பிள்ளை கூட்டத்தில் உட்கார்ந்து கேட்பதை விரும்பலாம்.

மதிப்பெண் போடுவதானால் எழுத்துக்கும் சொல்லுக்கும் தனித்தனியாகப் போடுவதைவிட, வரிமுடிவுகளை எப்படிப் படித்தார்கள் என்பதற்குப் போடுங்கள். அதில் இரண்டும் வந்துவிடுகிறது. கேட்கிற பிள்ளைகளையும் 'சூப்பர்' என்று சொல்லி முடிக்கவிடாமல், எந்த வரி ஞாபகம் இருக்கிறது என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். ஏழு பேர் ஒரே வரியைச் சொன்னால் எழுதிய பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பரிசு வேறு என்ன வேண்டும்?

கவிதைகள் சேர்ந்ததும் வகுப்பில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை போடலாம். அதை நகலெடுத்து எழுதும் பிள்ளைக்கு ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். எழுதியவர் எங்கே வரியை முடித்தாரோ அங்கேயே முடிக்க வேண்டும், இடம் மிச்சம் பிடிக்க இரண்டு வரியைச் சேர்த்துவிடக்கூடாது. தாளின் அகலம் போதாமல் நீண்ட வரி மடங்குகிறது என்றால் தாளைப் படுக்கவாட்டில் திருப்பி எழுதிக்கொள்ளலாம்.